பன்னிரண்டு பச்சைக் காசுகள்: ‘கான்ஸ்டன்’ வரைக்கும்தான் வாசிக்க முடியுது, இது யாருடையது?

வடலி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டனில் இருக்கிறன். போன ஞாயிறு ஒரு பழம்பொருள் சந்தையில் சின்னப் பக்கற் ஒண்டு வாங்கினனான். உள்ளுக்குள்ள பன்னிரண்டு ரோமக் காசு, ஒண்டு மூண்டு பவுண் கணக்கில். ‘எசெக்ஸில் ஒரு விவசாயியின்ர வயலில் கிடைச்சது’ எண்டு வித்தவர் சொன்னவர். எல்லாம் பச்சை பிடிச்சு, மண்ணும் ஒட்டிக்கொண்டிருக்கு.

அதில் ஒண்டுதான் கொஞ்சம் தெளிவு. குறுக்களவு 15 மில்லிமீற்றர். ஒரு பக்கம் வலப்பக்கம் பாக்கிற இளம் ஆளின்ர தலை. மற்றப் பக்கம் இரண்டு சிப்பாய் எதிரெதிரா நிக்கினம், நடுவில் கொடிக்கம்பு மாதிரி ஏதோ. தலையைச் சுத்தி இருக்கிற எழுத்தில் ‘கான்ஸ்டன்’ மட்டும் வாசிக்கலாம், மிச்சம் மண்ணுக்குள்ள. இது கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தியின்ர காசு தானே? ஆருக்காவது தெரிஞ்சால் சொல்லுங்கோ. படம் இணைச்சிருக்கிறன்.

---

பழங்காசு எழுதியது:

வடலி, நல்ல காசு. அவசரப்பட்டுக் கான்ஸ்டன்டைன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாலாம் நூற்றாண்டு ரோமக் காசு பார்க்கிற எல்லோரும் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். கான்ஸ்டன்டைனுக்கு மூன்று பிள்ளைகள் பட்டத்துக்கு வந்தார்கள். மூத்தவன் இரண்டாம் கான்ஸ்டன்டைன், அடுத்தவன் இரண்டாம் கான்ஸ்டன்டியஸ், கடைக்குட்டி கான்ஸ்டன்ஸ். அப்பனையும் சேர்த்தால் நான்கு பேர், நான்கு பெயருமே ‘கான்ஸ்டன்’ என்றுதான் தொடங்கும். முகத்தை வைத்துப் பிரிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. அச்சு வெட்டியவர்களுக்கு அரசனின் சாயல் பெரிதாக இல்லை, எல்லோருக்கும் ஒரே முகம்தான் வெட்டினார்கள்.

அதனால் நான்கு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஒன்று, நடுவில் இருப்பது ஒரு கொடியா, இரண்டு கொடியா? சிப்பாய்ப் பக்கத்தில் சுற்றி ஓடும் வாசகம் ‘குளோரியா எக்ஸெர்சிட்டுஸ்’, படையின் புகழ் என்று பொருள். 330இல் தொடங்கியபோது நடுவில் இரண்டு கொடி வைத்தார்கள். 335 வாக்கில் எடையைக் குறைத்தபோது கொடியும் ஒன்றாகிவிட்டது. கொடியை எண்ணினாலே ஐந்தாறு வருஷத்துக்குள் காலத்தை நிறுத்திவிடலாம்.

இரண்டு, எடை. சமையல் தராசு போதாது, நூறில் ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும். இரண்டு கொடிக் காசு சுமார் இரண்டரை கிராம் இருக்கும், ஒரு கொடிக் காசு சுமார் ஒன்றரை.

மூன்று, தலையில் இருப்பது என்ன? இலை மாலை என்றால் பெரும்பாலும் இளவரசன், அதாவது ‘சீசர்’ பட்டம். மணியோ பூவோ கோத்த பட்டிகை, பின்கழுத்தில் முடிச்சும் தொங்கலுமாக இருந்தால் ‘அகஸ்டஸ்’, முழு அரசன். எழுத்தின் முடிவும் அதையே சொல்லும். ‘நோப் சி’ என்று முடிந்தால் இளவரசன், ‘ஏ வி ஜி’ என்று முடிந்தால் அரசன்.

நான்கு, சிப்பாய்களின் காலுக்குக் கீழே ஒரு கோடு, அதற்கும் கீழே சில எழுத்துகள் இருக்கும். அதைப் படிக்காமல் விடாதீர்கள். எந்த ஊர் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் இடத்தில், அடித்தது என்பது அங்கேதான் இருக்கிறது.

படம் எடுக்கும்போது மேலிருந்து விளக்கு வேண்டாம். விளக்கைப் பக்கவாட்டில், தாழ வைத்து, காசைச் சுழற்றி நான்கைந்து படம் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழும்பி நிற்கும்.

---

மாதங்கி எழுதியது:

வடலி, எடை பார்க்க முன் மண்ணை எடுக்கணும்னு தோணும். தயவுசெய்து காய்ச்சி வடிகட்டின தண்ணி மட்டும் போடுங்க. டிஸ்டில்டு வாட்டர்ல ஊறவெச்சு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணிய மாத்துங்க. மூங்கில் பல்குச்சியால மெதுவா தள்ளினா மண் வரும். வராத மண்ண விட்டுடுங்க. எலுமிச்சை, வினிகர், பித்தளை பாலிஷ் எதுவும் கூடாது. அந்தப் பச்சைதான் இப்ப காசோட தோல். பல காசுல எழுத்தோட விளிம்பே அந்தப் பச்சையிலதான் இருக்கு, அடியில இருக்கிற உலோகத்துல இல்ல.

---

கரூரான் எழுதியது:

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. நான் அனுபவப்பட்டவன். பதினைந்து வருஷத்துக்கு முன் கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போன சின்ன ரோமச் செப்புக்காசு ஒன்று. வீட்டில் பூஜைச் சாமான் விளக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். ஐந்தே நிமிஷம். பளபளவென்று புதுச் செப்பு நிறத்தில் வந்தது, ஆனால் தலையும் இல்லை, எழுத்தும் இல்லை. இன்றைக்கும் அது என் மேஜையில்தான் இருக்கிறது. யார் காசு என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

செம்புக்குக் களிம்பு சேர்ந்தால் அதைப் போக்கத்தான் வேண்டும் என்று கேட்டே வளர்ந்துவிட்டோம். காசு விஷயத்தில் களிம்புதான் காவல்.

---

வடலி எழுதியது:

மூண்டு கிழமை தண்ணியில் ஊறவிட்டன். நகைக்கடை வைச்சிருக்கிற மாமாவிட்டப் போய் நிறுத்தன்: 1.52 கிராம். கொடி ஒண்டுதான். தலையில் பட்டிகை, பின்னால ரெண்டு தொங்கல் வடிவாத் தெரியுது. எழுத்தின்ர கடைசி ‘பி எஃப் ஏ வி ஜி’. அப்ப அரசன், இளவரசன் இல்லை, சரியோ ஐயா? ஆனா ‘கான்ஸ்டன்’ முடிஞ்ச உடன தலை உச்சி வந்திடுது. அங்காலை ஒரே ஒரு எழுத்து, ‘எஸ்’ மாதிரி. பிறகு பி எஃப். நடுவில ஏதும் அழிஞ்சு போச்சோ தெரியேல்ல.

கோட்டுக்குக் கீழ: ஏ, எஸ், ஐ, எஸ். பிறகு பிறை மாதிரி ஒரு வளைவு.

---

பழங்காசு எழுதியது:

ஒன்றும் அழியவில்லை வடலி, முழுப் பெயரும் உங்கள் முன்னால் இருக்கிறது. தலை உச்சியில் எழுத்து உடைகிற இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘கான்ஸ்டன்’ முடிந்து தலை, தலைக்கு அப்பால் தனி ‘எஸ்’, பிறகு ‘பி எஃப் ஏ வி ஜி’. கான்ஸ்டன்டியஸ் ஆக இருந்தால் இன்னும் நான்கு எழுத்துக்கு இடம் வேண்டும், கான்ஸ்டன்டைனுக்கு ஐந்து. அந்த இடமே இல்லை. இது கடைக்குட்டி கான்ஸ்டன்ஸ். ‘பி எஃப்’ என்பது ‘பக்தியும் நற்பேறும் உடையவன்’ என்று பொருள்படும் இரண்டு லத்தீன் சொற்களின் முதலெழுத்து.

தேய்ந்த காசில் எழுத்து தெரியாவிட்டாலும் எழுத்துக்கு இருந்த இடத்தை அளக்கலாம். ஒரு நூலை விளிம்போடு வைத்துப் பார்த்து எத்தனை எழுத்து அடங்கும் என்று எண்ணுவேன். பட்டியலில் அச்சாகாத நுணுக்கம் இது, பழக்கத்தில்தான் வரும்.

கீழே உள்ள ‘எஸ் ஐ எஸ்’ சிஸ்கியா. இன்றைய குரோஷியாவில் உள்ள சிசாக் நகரம். முன்னால் உள்ள ‘ஏ’, அதே அக்கசாலையின் முதல் பட்டறை. கிரேக்க எழுத்து வரிசையில் ஆல்பா, பீட்டா, காமா என்று பட்டறைக்கு எண் போட்டார்கள்.

அப்பா 337 மே மாதம் இறந்தார். பிள்ளைகள் மூவரும் செப்டம்பரில் அகஸ்டஸ் பட்டம் எடுத்தார்கள். சிப்பாய்க் காசு 341 வாக்கில் நின்றுவிட்டது. ஆகவே உங்கள் காசு 337க்கும் 341க்கும் இடையில் அடித்தது. மூத்தவன் 340இல் இத்தாலியில் தம்பியோடு மோதப் போய் அக்விலேயா அருகே செத்தான். கான்ஸ்டன்ஸ் பத்து வருஷம் மேற்கை ஆண்டு, 350 தொடக்கத்தில் மக்னென்டியஸ் என்ற தளபதியின் ஆட்களிடம் சிக்கி, பிரனீஸ் மலையடிவாரத்தில் கொல்லப்பட்டான். உங்கள் கையில் உள்ள முகம் அந்தப் பையனுடையது. இந்தக் காசு அடித்தபோது அவனுக்கு இருபது வயதைச் சுற்றித்தான் இருக்கும்.

எடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இது உங்கள் ஊர்க் கதை. கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் ரோமப் பேரரசைச் சேர்ந்த ஆள் ஒருவன் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தான் என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். அவனிடம் இருந்த வெள்ளித் தினாரியஸ்களை அரசன் பார்த்தானாம். வெவ்வேறு தலைகள், பல அரசர்கள் அடித்தவை. எடை மட்டும் எல்லாவற்றிலும் ஒன்று. அதைக் கண்டே ரோமர்களை நேர்மையானவர்கள் என்று மதித்து, தூதர்களை அனுப்பினானாம். நாம் காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்று ஒரே சொல்லை வைத்திருக்கிறோம், எனக்கு இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். அந்த நாணயம் நீடிக்கவில்லை. நீரோ 64இல் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தான். அடுத்த இருநூறு வருஷத்தில் ‘வெள்ளி’ என்று அடித்த காசில் நூற்றில் இரண்டு மூன்று பங்குதான் வெள்ளி.

மற்றப் பதினொன்றின் அடி எழுத்தையும் படித்துப் போடுங்கள். அமெரிக்க நாணயவியல் கழகம் நடத்தும் ‘ஓக்ரே’ தளத்தில் ரோமப் பேரரசுக் காசுகள் அத்தனையும் அரசன், அக்கசாலை, வாசகம் என்று தேடக் கிடைக்கும். கட்டணம் இல்லை.

---

ஆந்தைக்கண் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், தனி இழை போட வேண்டாம் என்று இங்கேயே கேட்கிறேன். சிங்கப்பூரில் இருக்கிறேன். ஏதென்ஸ் போனபோது அக்ரோபோலிஸ் அடிவாரத்துக் கடையில் ஆந்தை போட்ட வெள்ளிக்காசு ஒன்று வாங்கினேன். கடைக்காரர் நகல் என்றும் சொல்லவில்லை, அசல் என்றும் சொல்லவில்லை. எடை 12.6 கிராம், குறுக்களவு 26 மில்லிமீட்டர். அதீனா தேவியின் தலையும் தலைக்கவசத்துக் கொண்டையும் முழுசாக, அழகாக இருக்கிறது. அசலாக இருக்க வாய்ப்பு உண்டா?

---

பழங்காசு எழுதியது:

தம்பி, இல்லை. எடையே முடித்துவிட்டது. ஏதென்ஸின் நாலு திராக்மா காசு 17.2 கிராம். ஏதென்ஸுக்குப் பக்கத்து லாரியன் சுரங்கத்து வெள்ளி, லட்சக்கணக்கில் அடித்தார்கள், ஆனால் எடையில் கை வைக்கவில்லை. அந்தக் காசு மத்தியதரைக் கடல் முழுவதும் செல்லுபடியானதே அதனால்தான். நான்கரை கிராம் குறைவது தேய்மானம் அல்ல.

நீங்கள் அழகு என்று சொன்ன முழுக் கொண்டையும் எனக்கு இடிக்கிறது. அசலில் அச்சு பெரியது, வெள்ளி வில்லை சிறியது, தடிமனானது. கொண்டையின் ஒரு பகுதி பெரும்பாலும் வில்லைக்கு வெளியே போய்விடும். கொண்டை முழுதும் விழுந்த ஆந்தை அரிது, விலையும் அதற்குத் தக்கபடி. நகல் செய்கிறவர்கள் படத்தைப் பார்த்துச் செய்வதால் எல்லாவற்றையும் அடக்கிவிடுகிறார்கள்.

அசலைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் அதீனாவின் கண்ணைப் பாருங்கள். முகம் பக்கவாட்டில், கண் மட்டும் பாதாம் கொட்டை வடிவில் நம்மை நேரே பார்க்கும். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு முழுதும் அப்படித்தான். நாலாம் நூற்றாண்டில் கண்ணும் பக்கவாட்டுக்குத் திரும்பிவிடும். கலை முன்னேறிய பிறகும் பழைய கண்ணையே விடாமல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், வெளியூர்க்காரன் பழகிய முகத்தை மாற்றினால் காசை நம்பமாட்டான் என்றுதான் பலரும் காரணம் சொல்கிறார்கள். பின்பக்கம் ஆந்தை, மூலையில் ஒலிவக் கிளை, பக்கத்தில் சின்னப் பிறை, வலப்பக்கம் ஆல்பா, தீட்டா, எப்சிலான், ‘அதே’. ஊர்ப் பெயரின் முதல் மூன்று எழுத்து.

விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவுங்கள். நடுவில் மெல்லிய கோடு தட்டினால் இரண்டு அரை அச்சில் ஊற்றிய வார்ப்பு. அடித்த காசில் விளிம்பு சிதறி வெடித்திருக்கும், கோடு இருக்காது. பரப்பில் ஊசிக்குத்துப் போலக் குழிகள் இருந்தாலும் வார்ப்புதான்.

ஆனால் எல்லாப் போலியும் இப்படி அகப்படாது. ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர், 1772இல் பிறந்து 1830இல் இறந்தார். எஃகில் தன் கையால் அச்சு வெட்டி, சரியான எடையில், பழங்கால முறைப்படியே சுத்தியலால் அடித்தார். புதுமினுக்குப் போக, இரும்புத்தூள் நிறைத்த பெட்டியில் காசுகளைப் போட்டுத் தன் குதிரை வண்டியில் ஏற்றி ஊர் சுற்றுவாராம். வண்டி குலுங்கக் குலுங்கக் காசு தேயும். அவர் வெட்டிய அச்சுகள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவர் காசைக் கண்டுபிடிக்க நம்பகமான வழி, ஒரே அச்சில் விழுந்த இன்னொரு காசோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நான் கிரேக்கக் காசு வாங்கும் எண்ணம் வந்தால் முதலில் அருங்காட்சியகங்களின் இணையப் படங்களில் ஒரு மாதம் உட்காருவேன். கண் பழகாமல் பணத்தை எடுக்கமாட்டேன்.

---

மாதங்கி எழுதியது:

ஒண்ணு சேர்க்கிறேன். எடை சரியா இருந்தாலும் போதாது. காசை நூலில் கட்டி, தராசு மேல இருக்கிற தண்ணி டம்ளர்ல அடியத் தொடாம முக்கிப் பாருங்க. தராசு எவ்வளவு கூடுதலா காட்டுதோ அதால காசோட எடைய வகுத்தா அடர்த்தி. சுத்த வெள்ளி 10.5 பக்கம் வரும். ஈயம் கலந்த வார்ப்புன்னா வேற எண் வரும்.

இன்னொரு விஷயம். பண்டைக் காலத்திலேயே செப்புக் காசுக்கு வெள்ளித் தகடு போர்த்திப் போலி அடிச்சாங்க. அதனாலதான் ஆந்தைக் காசுகள்ல உளியால ஆழமா ஒரு வெட்டு இருக்கும், உள்ள என்ன இருக்குன்னு பார்த்த தழும்பு. வெட்டு இருக்கேன்னு முகம் சுளிக்க வேணாம், வெட்டினவங்க நமக்காகச் சோதிச்சு வெச்சிருக்காங்க.

---

கரூரான் எழுதியது:

வெட்டு என்றதும் புதுக்கோட்டைப் புதையல் ஞாபகம் வருகிறது. 1898இல் 501 ரோமப் பொற்காசுகள், பெரும்பாலானவற்றில் அரசன் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. அது சோதனை வெட்டு இல்லையாம். இனி இது காசு இல்லை, பொன் மட்டுமே என்று புழக்கத்திலிருந்து நீக்கிய அடையாளம் என்றே ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வடலி, நீங்கள் லண்டன்தானே, ஒரு நடை போய்ப் பாருங்கள்.

---

வடலி எழுதியது:

நாணயப் பகுதியில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போனால் காட்டுவினமாம், கேட்டு எழுதிப் பாக்கிறன்.

இப்ப என்ர பன்னிரண்டையும் வாசிச்சு முடிச்சிட்டன். ராத்திரி ராத்திரியா இருந்து செய்த வேலை, பிழை இருந்தால் திருத்துங்கோ.

சிஸ்கியா மூண்டு, கான்ஸ்டன்ஸையும் சேத்து. ‘எஸ் எம் டி எஸ்’ எண்டு மூண்டு, அது தெசலோனிகா எண்டு ஓக்ரேயில் கண்டன். ‘எஸ் எம் எச்’ ஒண்டு, ஹெராக்லியா. ‘எஸ் எம் என்’ ஒண்டு, நிக்கோமீடியா. ‘எஸ் எம் கே’ ஒண்டு, சிசிக்கஸ். ‘கான்ஸ்’ எண்டு ரெண்டு. ஒண்டு வாசிக்கேலாது. ஒன்பது காசு இந்தச் சிப்பாய்க் காசுதான், ரெண்டில் ஒரு சிப்பாய் விழுந்த குதிரைக்காரனைக் குத்திறான், மற்றது மாலைக்குள்ள எழுத்து.

‘கான்ஸ்’ எண்டால் கான்ஸ்டன்டினோபிள் தானே?

---

பழங்காசு எழுதியது:

அருமை, அருமை. முதல் முறையிலேயே பதினொன்று படித்திருக்கிறீர்கள்.

‘கான்ஸ்’ விஷயத்தில் ஒரு பள்ளம் உண்டு. தென் பிரான்ஸில் உள்ள ஆர்ல் நகரத்துக்கும் அப்போது ‘கான்ஸ்டன்டினா’ என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள். அங்கே அடித்த காசிலும் ‘கான்ஸ்ட்’ வரும். வித்தியாசம், ஆர்லில் பட்டறை எழுத்து முன்னால் வரும், லத்தீன் எழுத்து: ‘பி கான்ஸ்ட்’, ‘எஸ் கான்ஸ்ட்’. கான்ஸ்டன்டினோபிளில் பின்னால், கிரேக்க எழுத்து. உங்களுடையது எப்படி?

---

வடலி எழுதியது:

ரெண்டிலும் பின்னாலதான். ஒண்டில் காமா, மற்றதில் கொஞ்சம் தேய்ஞ்சு போச்சு, ஆனா முன்னால ஒண்டும் இல்லை.

---

லிங்கன்வாசி எழுதியது:

நான் இந்த இழையை ஆரம்பத்திலிருந்து படித்து வருகிறேன், எழுதியதில்லை. பத்து வருஷமாக லிங்கன்ஷயரில் அகழாய்வுகளில் தன்னார்வலராக மண் சலிக்கிறேன். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். வடலி, இந்தக் காசுகள் எசெக்ஸ் வயலில் கிடைத்தவை அல்ல.

330 முதல் 341 வரையான சிப்பாய்க் காசு பிரிட்டனில் ஏராளமாகக் கிடைக்கும், நானே நிறைய எடுத்திருக்கிறேன். அவற்றில் பெரும்பகுதி ட்ரியர் அக்கசாலை, ஜெர்மனியின் மேற்கில் உள்ளது. அதற்கடுத்து பிரான்ஸின் லியோன், ஆர்ல். பக்கத்து அக்கசாலைகளிலிருந்துதான் பிரிட்டனுக்குச் சில்லறை வந்தது. கிழக்கத்திக் காசு ஒன்றிரண்டு தப்பி வரும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் படித்த பதினொன்றில் ஒரு ட்ரியர்கூட இல்லை. சிஸ்கியா, தெசலோனிகா, ஹெராக்லியா, நிக்கோமீடியா, கான்ஸ்டன்டினோபிள். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள். இது தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நிலத்துச் சில்லறை.

---

வடலி எழுதியது:

வைச்சுப் பாத்தன். நீங்கள் சொன்னது சரி. மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

---

கரூரான் எழுதியது:

மனதைத் தளர விடாதீர்கள். காசு அசல்தானே? மூன்று பவுண்டுக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்ச வருஷத்துக் காசு. பால்கனில் கிடைத்தால் என்ன, எசெக்ஸில் கிடைத்தால் என்ன? இவை தங்கமும் இல்லை, சிலையும் இல்லை. ஊர் ஊராகக் கோடிக்கணக்கில் சிந்திய சில்லறை.

---

பழங்காசு எழுதியது:

கரூரான், உங்களை மதிக்கிறேன், ஆனால் இதில் உங்களோடு நிற்க முடியாது.

பல்கேரியா, குரோஷியா போன்ற நாடுகளில் மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். உலோகங்காட்டிக் கருவியோடு இரவில் வயலுக்குள் போய்த் தோண்டி, மூட்டை கட்டி வெளியே அனுப்புவது அங்கே குற்றம். ‘கழுவாத ரோமக் காசு’ என்று கிலோக் கணக்கில் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு அந்த வழியில் வந்தது. நம் இந்தியாவிலும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் புதையல் எது கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் பழைய காசைத் தனியார் யாரும் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது.

சட்டத்தை விடுங்கள். எனக்கு வலிப்பது வேறு. 2010இல் இங்கிலாந்தில் ஃப்ரோம் ஊருக்கு அருகே டேவ் கிறிஸ்ப் என்பவர் கருவியால் தேடும்போது ஒரு பானை தட்டுப்பட்டது. உள்ளே காசு என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டு ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார். தொல்லியலாளர்கள் வந்து அடுக்கடுக்காக எடுத்தார்கள். 52,503 காசு. கடைசிக் காலத்துக் காசுகள், கரௌசியஸ் என்ற அரசன் பெயரில் உள்ளவை, பானையின் மேலே இல்லை, பெரும்பாலும் கீழ்ப்பாதியில் கிடந்தன. உண்டியலில் போடுவது போல வருஷா வருஷம் சேர்த்திருந்தால் அவை மேலேதானே இருக்க வேண்டும்? ஒரே தடவையில் கொட்டிப் புதைத்திருக்கிறார்கள் என்று அதனால் தெரிந்தது. அந்த மனிதர் ஆசைப்பட்டுக் கையை விட்டு அள்ளியிருந்தால் 52,503 காசும் கிடைத்திருக்கும், இந்த ஒரு செய்தி போயிருக்கும். வடலி வாங்கிய பன்னிரண்டும் ஒரு பானையா, பன்னிரண்டு வயலா, ஒரு சிப்பாயின் இடுப்புப் பையா? இனித் தெரியாது.

பெரிய காசிலும் இதே கதைதான். ஜூலியஸ் சீசரைக் கொன்றதைக் கொண்டாடி புரூட்டஸ் கி.மு. 42இல் அடித்த பொற்காசு, இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலைக் குல்லாய். 2020 அக்டோபரில் லண்டன் ஏலத்தில் முப்பத்திரண்டு லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று கூடவே கொடுத்த விவரம் பொய் என்று பின்னால் தெரிந்து, 2023 மார்ச்சில் கிரேக்கத்திடம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. காசு அசல்தான், கூட வந்த கதைதான் போலி.

---

கரூரான் எழுதியது:

ஐயா, ஒன்று மட்டும் சொல்ல அனுமதியுங்கள். அமராவதி ஆற்று மணலில் காசு சலித்தவர்கள் தொல்லியல் படித்தவர்கள் இல்லை. அவர்கள் சலிக்காமல் விட்டிருந்தால், சேகரிப்பவர்கள் வாங்காமல் விட்டிருந்தால், அத்தனையும் உருக்குப் பட்டறைக்கோ மணல் லாரிக்கோ போயிருக்கும். நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் அந்தக் காசுகளைச் சேர்த்து, எடைபோட்டு, படத்தோடு வெளியிட்டதால்தான் கரூரிலும் மதுரையிலும் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசைப் பற்றி இன்று பேசவே முடிகிறது. சேகரிப்பவன் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

---

பழங்காசு எழுதியது:

வைக்கவில்லை. நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆற்றில் வெள்ளம் புரட்டிப்போட்ட மணலில் அடுக்கு ஏற்கெனவே கலைந்துவிட்டது, அங்கே சலித்து எடுத்தது மீட்டது. அதிலும் அவர் ‘கரூர், அமராவதி’ என்று ஊரை எழுதி வைத்தார். அந்த ஒரு சொல்லால்தான் அவை ஆய்வுக்கு உதவின. ‘எசெக்ஸ் வயல்’ என்று யாரோ எழுதிய பொய்ச் சீட்டோடு அவை வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வடலி கேள்வி கேட்டிராவிட்டால் இந்தப் பன்னிரண்டும் ‘எசெக்ஸில் கிடைத்த கிழக்கத்திக் காசு’ என்று யாருடைய பட்டியலிலோ ஏறியிருக்கும். அதை வைத்து ஒரு மாணவர் பிரிட்டனுக்கும் நிக்கோமீடியாவுக்கும் வணிகம் என்று கட்டுரை எழுதியிருப்பார்.

---

லிங்கன்வாசி எழுதியது:

அந்தப் பயம் உண்மையானது. இங்கே கண்டெடுப்புகளைப் பதியும் அரசுத் திட்டம் இருக்கிறது. கண்டெடுத்த இடம் உறுதியாகத் தெரிந்தால்தான் அந்தப் பதிவு பயன்படும். வடலி, இவற்றை அங்கே எசெக்ஸ் என்று பதிந்துவிடாதீர்கள்.

---

வடலி எழுதியது:

ரெண்டு கிழமையா எழுதேல்ல, மன்னிக்கோணும்.

போன ஞாயிறு திரும்பச் சந்தைக்குப் போனன். ஆள் இருந்தவர். அடி எழுத்துப் பட்டியலை எழுதிக் கொண்டுபோய்க் காட்டி, மரியாதையாத்தான் கேட்டனான். முதலில் எசெக்ஸ் எண்டுதான் நிண்டவர். பிறகு, தான் வேற ஒரு ஆளிட்ட மொத்தமா வாங்கினது, அவர் சொன்னதைத்தான் சொன்னது எண்டார். குடுத்த பணத்தைத் திருப்பித் தரச் சம்மதம். பதினொண்டைக் குடுத்திட்டு வாங்கி வந்திருக்கலாம். ஆனா குடுத்தால் அடுத்த ஞாயிறு வேற ஒரு ஆளுக்கு எசெக்ஸ் எண்டுதான் விப்பார். அதனால திருப்பிக் குடுக்கேல்ல. இனி அந்த மாதிரிப் பக்கற் வாங்கிறதில்லை எண்டு முடிவு. அடுத்த காசு எப்ப வாங்கினாலும், ஒண்டே ஒண்டு, பழைய ஏலப் பட்டியலில் படத்தோட இருக்கிறதாப் பாத்து வாங்குவன்.

பன்னிரண்டுக்கும் சின்னக் கடதாசி உறை செய்து எழுதி வைச்சிட்டன். கான்ஸ்டன்ஸின்ர உறையில் எழுதினது இது:

‘கான்ஸ்டன்ஸ், அகஸ்டஸ். சிஸ்கியா, முதல் பட்டறை, 337–341. படையின் புகழ், ஒரு கொடி. 15 மி.மீ., 1.52 கிராம். லண்டன் சந்தையில் வாங்கியது. கிடைத்த இடம் தெரியாது. விற்றவர் எசெக்ஸ் என்றார். கூட இருந்த காசுகளின் அக்கசாலைகள் அதற்கு ஒத்துவரவில்லை.’

---

பழங்காசு எழுதியது:

என்னிடம் இருக்கும் உறைகளில் பாதிக்கு மேல் இவ்வளவு ஒழுங்காக எழுதியதில்லை. இன்று உட்கார்ந்து எழுதப் போகிறேன். வாங்கிய தேதியையும் சேருங்கள், கடைச் சீட்டு இருந்தால் அதையும் கூட வையுங்கள்.

---

வடலி எழுதியது:

சேக்கிறன் ஐயா. கடைசியா ஒரு கேள்வி, மாதங்கி அக்காவுக்கு. ஒன்பதாம் காசில், அந்தக் குதிரைக்காரன் காசில், ஓரமா வெளிர்ப் பச்சையில் பவுடர் மாதிரி ஒண்டு வருது. தட்டினால் உதிருது, ரெண்டு நாளில் திரும்ப வருது. மற்றப் பச்சை மாதிரி இல்லை.

---

மாதங்கி எழுதியது:

அத உடனே மத்ததுல இருந்து பிரிச்சு வைங்க. அது நல்ல களிம்பு இல்ல, உள்ள இருக்கிற குளோரைடு உப்பு ஈரத்தோட சேர்ந்து உலோகத்தத் தின்னுது. பவுடர மரக்குச்சியால சுரண்டி எடுத்துட்டு, டிஸ்டில்டு வாட்டர்ல போட்டு வாரத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, சில மாசம் ஆகும். அப்புறம் நல்லா உலர்த்தி, சிலிக்கா ஜெல் பை போட்ட மூடின டப்பால வைங்க. ஜெல் நிறம் மாறினா சூடு பண்ணி ஈரத்தப் போக்கிட்டுத் திரும்பப் போடலாம். மாசம் ஒரு தடவை திறந்து பாருங்க. திரும்ப வந்தா படம் போடுங்க, அடுத்து என்ன செய்யலாம்னு பார்ப்போம்.